பாரிமுனையில் ஒரு கல்தூண்

வணக்கம் நேயர்களே. "பாரிஸ், பாரிஸ்!" என்று கண்டக்டர் குரல் கொடுத்ததும் இறங்கிப் பழகியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். கல்யாணப் பத்திரிகை அடிக்கவோ, கோர்ட் வேலைக்கோ அந்த முனைக்கு வந்திருப்பீர்கள். 1788இல் சென்னைக்கு வந்த தாமஸ் பாரி என்ற வேல்ஸ் நாட்டு வியாபாரியின் பெயர் அது. அவருடைய கம்பெனியின் டேர் ஹவுஸ் இன்றும் அங்கே இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் பக்கத்தில் ஒரு கல்தூண் உண்டு. அதைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

இப்போது ஹைகோர்ட் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் ஓர் ஊரே இருந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே நம் ஜனங்கள் வாழ்ந்த ஊர். வெள்ளைக்காரர்கள் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள்; 1758இல் மறுபடி வந்து முற்றுகையிட்டார்கள். வீடுகளின் மறைவில் நின்று எதிரி சுடுவான் என்ற பயத்தில், கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்கள் அந்தக் காலகட்டத்தில் அந்த ஊரையே இடித்துத் தள்ளிவிட்டார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. அந்தக் கோயிலைப் பிறகு பூக்கடைப் பக்கம் புதிதாகக் கட்டினார்கள். ஊர் போன இடம் வெட்டவெளியாயிற்று. அதற்கு எஸ்பிளனேடு என்று பெயர். இந்த எல்லையைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக்கூடாது என்று 1773இல் ஆறு தூண்களை நட்டார்கள். அவற்றில் மிஞ்சியது, நான் சொன்ன அந்த ஒன்றுதான்.

ஆறில் ஒன்று, நேயர்களே! திரும்பவும் சொல்கிறேன், ஓர் ஊர் இருந்ததற்கும் அது இடிக்கப்பட்டதற்கும் அந்த மண்ணில் நின்று சாட்சி சொல்லும் கல் அது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். போகிற வழியில் இரண்டு நிமிஷம் இங்கேயும் நிறுத்திக் காட்டக்கூடாதா?

சரி, பெயர்களுக்கு வருவோம். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் ஆன இளவரசர் 1906இல் வந்துபோனதை ஒட்டி, வடக்கே எழுந்த புதிய கறுப்பர் நகரம் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. சைனா பஜார் ரோடு நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலை ஆயிற்று. பிராட்வே, பிரகாசம் சாலை ஆயிற்று.

சுதந்திரப் போராட்டத் தலைவர் டங்குத்தூரி பிரகாசத்தின் பெயர் அது. இந்தப் பிரகாசம் பெயரில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 1928 பிப்ரவரி 3, இந்தியாவின் ஆட்சிமுறையை ஆராய பிரிட்டிஷ் அரசு அனுப்பிய, இந்தியர் ஒருவரும் இல்லாத சைமன் கமிஷன் பம்பாயில் வந்து இறங்கிய நாள். அதை எதிர்த்து இங்கே ஹர்த்தால். ஹைகோர்ட் அருகே திரண்டிருந்த கூட்டத்தின் மேல் போலீஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். அவரைப் பார்க்கப் போன பிரகாசத்தைத் துப்பாக்கி மறித்தது. அவர் சட்டையை விலக்கி, மார்பைக் காட்டி நின்றார். அது நடந்த இடத்திலேயே அவர் பெயரில் ஒரு தெரு இருப்பதுதான் நியாயம். ஆனாலும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது இன்னமும் "பிராட்வே" என்றுதான் சொல்கிறோம். பெயர்ப்பலகையில் பெயரை மட்டும் எழுதினால் போதாது. அதன் கீழே இரண்டு வரியில் அந்தச் சம்பவத்தையும் எழுதுங்கள். எழுதினால் ஜனங்கள் சொல்வார்கள்.

நேரம் நெருங்கிவிட்டது என்று இங்கே கை காட்டுகிறார்கள். ஹைகோர்ட் கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் எரிந்த கலங்கரை விளக்கம், 1914இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு வீசியபோது அந்த வளாகத்தில் விழுந்த குண்டு, இதெல்லாம் சொல்ல இருந்தேன். எம்டன் குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகிறவர்கள் தேடிப் பாருங்கள். வணக்கம்.