ரிமோட் ஸ்டார்ட்டர் மாட்டிய பிறகு வரும் மின்கோளாறுகள்

நேயர்களுக்கு வணக்கம். வெளியிலிருந்தே பட்டனை அழுத்தி எஞ்சினை ஓடவைக்கும் ரிமோட் ஸ்டார்ட்டரைத் தனியாக வாங்கி காரில் மாட்டியிருப்பவர்களுக்காக இன்று பேச வந்திருக்கிறேன். மாட்டிய சில நாளில் காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது, ஏர்பேக் விளக்கு எரிகிறது, எஞ்சின் நின்ற பிறகும் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கிறது என்று வண்டியைக் கொண்டுவருவார்கள். "அந்த ரிமோட் ஸ்டார்ட்டர் பெட்டியை மாற்றிவிடலாமா?" என்பதுதான் முதல் கேள்வி. அவசரப்படாதீர்கள். வயரிங் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பெட்டிக்குள் பழுது இருப்பது அபூர்வம். பெட்டியிலிருந்து வரும் வயர் வண்டியின் வயரோடு சேரும் இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சாவியைத் திருப்பினால் என்னென்ன நடக்குமோ, அத்தனையையும் அந்தப் பெட்டி செய்தாக வேண்டும். பேட்டரி சப்ளை, இக்னிஷன், ஆக்சசரி (ரேடியோ போன்றவை), எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார், எர்த், பிரேக், பானெட் சுவிட்ச் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர், ஒவ்வொரு வயருக்கும் ஓர் இணைப்பு. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் வயரை வெட்டாமல் இடுக்கியால் அழுத்தி மாட்டும் சின்ன கிளிப்புகள் இருக்கும். அதன் உள்ளே இருக்கும் தகடு உறையைக் கிழித்துச் செம்பைத் தொடும். தொடும்போது சில இழைகளை அறுத்தும்விடும். நாளாக நாளாக ஈரம் ஏறி அந்த இடம் பச்சை பூத்துவிடும். ஸ்டார்ட்டர், இக்னிஷன் மாதிரி நிறைய ஆம்பியர் பாயும் வயரில் இப்படி ஓர் இணைப்பு இருந்தால் அது சூடாகும், பக்கத்து டேப் உருகிப் பிசுபிசுக்கும். அங்கே ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டுவிட்டால் பாதி பிரச்சினை தீர்ந்தது. வண்டியின் இரும்பு உடம்போடு சேரும் எர்த் வயரையும் பாருங்கள். பெயின்ட்டின் மேல் ஒரு ஸ்குரூவை முறுக்கி விட்டிருந்தால், பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்குங்கள்.

பேட்டரி இறங்குகிறது என்றால் முதலில் பேட்டரியையே சோதியுங்கள். இரவு முழுக்க ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். அப்புறம் கசிவு, அதாவது வண்டி சும்மா நிற்கும்போதும் பேட்டரியிலிருந்து போய்க்கொண்டிருக்கும் மின்சாரம். மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அந்தக் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் இணைக்க வேண்டும். அந்த நிலையில் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும், கவனம். கதவுகளைப் பூட்டி, சாவியைத் தூரமாக வைத்துவிட்டு அரை மணி, முக்கால் மணி நேரம் காத்திருங்கள். வண்டியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்குவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். அதன் பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் வந்தால் சரி. 500 என்று நின்றால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி போகிறது. 60 ஆம்பியர் மணி பேட்டரி நல்ல நிலையில் இருந்தாலும் மூன்று நாளில் வண்டி கிளம்பத் திணறும்.

இப்போது ரிமோட் ஸ்டார்ட்டரின் ஃபியூஸை மட்டும் பிடுங்குங்கள். அளவு சட்டென்று இறங்கினால் குற்றவாளி அந்தப் பக்கம்தான். இறங்கவில்லையா? அப்படியானால் வண்டியின் மற்ற ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், இந்தக் கருவியை வீணாகத் திட்ட வேண்டாம். இறங்கினாலும் உடனே பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. உரிய சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்பவிடாத இம்மொபிலைசரைச் சமாளிக்க மாட்டும் பைபாஸ் மாட்யூல், கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் டேட்டா லைனில் விடாமல் பேசிக்கொண்டிருந்தால் மற்ற கம்ப்யூட்டர்களும் தூங்காது. அந்த மாடல் வண்டிக்குரிய புரோகிராமை அதில் ஏற்றியிருக்கிறார்களா என்று மாட்டியவரிடம் கேளுங்கள். பல சமயம் அதுவே போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தினமும் ஐந்து நிமிடம் ஹீட்டர், பின்கண்ணாடி டிஃபாகர் எல்லாம் போட்டு ஓடவிட்டு, ஓட்டாமலே நிறுத்தினால் ஸ்டார்ட்டர் மோட்டார் எடுத்த சார்ஜ் திரும்பி வராது. ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் தருவது குறைவு. இதற்கு வயரிங்கில் எதையும் தேட வேண்டாம்.

விளக்குகளுக்கு வருவோம். ரிமோட்டில் ஓடும்போது மட்டும் ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் இரண்டாவது இக்னிஷன் வயரை விட்டுவிட்டார்களா என்று பாருங்கள். பல கார்களில் இக்னிஷன் வயர் ஒன்றுக்கு மேல் உண்டு. ஏ.சி. காற்று வராததற்கும் இப்படி ஒரு வயர் விடுபட்டதே காரணமாக இருக்கலாம். எஞ்சின் கிளம்பிய பிறகும் ஸ்டார்ட்டர் மோட்டார் கரகரவென்று சுற்றினால், எஞ்சின் ஓடுகிறது என்ற செய்தி பெட்டிக்குப் போகவில்லை. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்லும் ஆர்.பி.எம். சிக்னலைப் பெட்டிக்குத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

மஞ்சள் உறை போட்ட வயர்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அது பெரும்பாலும் ஏர்பேக் லைன். டேட்டா வயர்களில் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பும் கூடாது, மல்டிமீட்டர்தான்.

வேலை தொடங்கும் முன் ரிமோட்டை வேலட் மோடில், அதாவது பட்டனை அழுத்தினாலும் எஞ்சின் கிளம்பாத நிலையில், போடுங்கள். பானெட்டைத் திறந்து வைத்தால் எஞ்சின் கிளம்பக் கூடாது. அந்தச் சுவிட்ச் துருப்பிடித்திருந்தாலோ, வயரே மாட்டாமல் விட்டிருந்தாலோ, உங்கள் கை ஃபேன் பெல்ட் பக்கம் இருக்கும்போது யாராவது பட்டனை அழுத்திவிடலாம். மூடிய கராஜுக்குள் சோதனைக்காகக்கூட எஞ்சினை ஓடவிடாதீர்கள், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. கியர் வண்டியாக இருந்தால், நியூட்ரலில் இருப்பதை உறுதிசெய்யும் வசதி அந்தக் கருவியில் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று மாட்டியவரிடமே கேட்டு, உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். வணக்கம்.