சினை ஊசி போட்ட மூன்றாம் நாள் ரத்தம் வந்தால் சினை நிற்காதா?

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். கேள்வியை முழுதாகப் படித்துவிடுகிறேன். “எங்கள் ஜெர்சி கலப்புக் கிடேரி திங்கட்கிழமை காலையில் பருவத்துக்குக் கத்தியது. அன்றைக்குச் சாயந்திரமே சினை ஊசி போட்டோம். வியாழக்கிழமை விடியற்காலை கட்டுத்தரைக்குப் போனால் வாலிலும் பின்தொடையிலும் ரத்தம். கரு கலைந்துவிட்டது, பருவ ஊசி போட்டு மறுபடி பருவத்துக்குக் கொண்டுவா என்று பக்கத்துத் தோட்டத்தில் சொல்கிறார்கள். போன மாதம் பெரிய மாட்டுக்குக் கலர் ஸ்கேன் எடுத்தபோது சினைப்பைக்குள் சிவப்பும் நீலமுமாக ஓடியதைக் காட்டினார்கள். அங்கேதான் ரத்தம் கசிகிறதா? இந்த ரத்தமும் அங்கிருந்துதான் வருகிறதா?”

அக்கா, உங்கள் கிடேரிக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் பார்த்த ரத்தம் முட்டை உருவாகும் சினைப்பையிலிருந்து வந்ததல்ல, கருப்பையின் உள்சுவரிலிருந்து வந்தது. பருவத்தின்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறி நிற்கும். அதனால் கருப்பைக்கு ரத்தம் நிறையப் பாய்ந்து, உள்சுவரில் இருக்கும் மெல்லிய நாளங்கள் எல்லாம் புடைத்திருக்கும். பருவம் முடிந்ததும் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்கிவிடும். அப்போது அந்த நாளங்களில் சில உடைந்து ரத்தம் கசியும். அது வழும்போடு கலந்து, பருவம் முடிந்த 1 முதல் 3 நாளுக்குள் வெளியே வரும். பெரிய மாடுகளைவிடக் கிடேரிகளில் இதை அதிகம் பார்க்கலாம். சினை பிடித்திருந்தாலும் வரும், பிடிக்காவிட்டாலும் வரும்.

கரு கலைந்துவிட்டது என்ற பேச்சுக்கு இடமே இல்லை, ஏன் தெரியுமா? மூன்றாம் நாளில் கரு என்பது சில செல்கள் மட்டும்தான். அது இன்னும் கருக்குழாயில்தான் இருக்கிறது. கருப்பைக்குள் இறங்கவே நான்காம், ஐந்தாம் நாள் ஆகிவிடும். ரத்தம் கசிகிற இடத்துக்குக் கரு இன்னும் வந்தே சேரவில்லை.

சரி, இப்போது சினைப்பைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மாட்டின் பருவச் சுழற்சி சராசரியாக 21 நாள். இந்த 21 நாளைக்குள் சினைப்பையில் ஒரு ரத்தக் குழாய் வலை புதிதாக முளைத்து, முழுதாக வளர்ந்து, வேலை முடிந்ததும் அழிந்துபோகிறது. அடுத்த சுழற்சியில் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. வளர்ந்த ஓர் உடம்பில், காயம் எதுவும் இல்லாமல், இத்தனை வேகமாகப் புது ரத்தக் குழாய்கள் உருவாகும் இடம் வேறு அதிகம் கிடையாது.

சினைப்பையில் எப்போதும் சில நீர்க் கொப்புளங்கள் இருக்கும். அவற்றுக்குள்தான் முட்டை இருக்கிறது. ஒரு சுழற்சியில் இரண்டு அல்லது மூன்று தடவை இந்தக் கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பும். ஒவ்வொரு தடவையும் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு பெரிதாகும், மற்றவை சுருங்கிவிடும். முந்துகிற கொப்புளத்தின் வெளிச்சுவரில் ரத்தக் குழாய்கள் அடர்த்தியாக இருக்கும், பின்தங்கியவற்றில் குறைந்துகொண்டே போகும். ஆனால் முட்டையைச் சுற்றியுள்ள உள்படலத்துக்குள் ஒரு ரத்தக் குழாய்கூட நுழைவதில்லை. நடுவில் ஒரு சவ்வு தடுத்து நிற்கிறது. உள்ளே இருக்கும் செல்களுக்கு வேண்டியது எல்லாம் அந்தச் சவ்வைத் தாண்டி ஊறித்தான் போக வேண்டும்.

பருவத்தில் மூளையடிச் சுரப்பியிலிருந்து எல்.எச். ஹார்மோன் ஒரே வீச்சாக வரும். அது வந்ததும் கொப்புளத்தின் அடிப்பகுதிக்கு ரத்த ஓட்டம் கூடும். உச்சியில் மட்டும் குறைந்து, சுவர் மெலிந்துகொண்டே போய், கடைசியில் அந்த இடத்தில்தான் வெடித்து முட்டை வெளியேறும். பருவ அறிகுறிகள் அடங்கி ஏறத்தாழ 10 முதல் 12 மணி நேரம் கழித்து இது நடக்கிறது. காலையில் கத்தினால் சாயந்திரம் ஊசி, சாயந்திரம் கத்தினால் மறுநாள் காலை ஊசி என்ற கணக்கு இதை வைத்துத்தான். உங்கள் கிடேரிக்கு நேரம் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள்.

வெடித்த பிறகு நடுவிலிருந்த சவ்வு கரைந்துவிடும். வெளிச்சுவரில் காத்திருந்த ரத்தக் குழாய்கள், கிளுவை வேலியில் கோவைக்கொடி ஏறுவது போல, காலியான குழிக்குள் எல்லாப் பக்கமும் படர்ந்து ஏறும். அந்தக் குழிதான் சில நாளில் கார்பஸ் லூட்டியம் என்ற கட்டியாக மாறும். சினையைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அங்கிருந்துதான் வருகிறது. நன்றாக வளர்ந்த கட்டியில் உள்ள செல்களை எண்ணினால் ஏறத்தாழப் பாதி, ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களாகவே இருக்கும். ஹார்மோன் செய்கிற செல் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு நுண்குழாயை ஒட்டியே உட்கார்ந்திருக்கும். ஹார்மோன் செய்யக் கொலஸ்ட்ரால் வேண்டும், அது ரத்தத்தில்தான் வருகிறது. செய்த ஹார்மோன் கருப்பைக்குப் போவதும் அதே ரத்தத்தில்தான். எடைக்கு எடை பார்த்தால் உடம்பிலேயே மிக அதிகமாக ரத்தம் ஓடும் திசுக்களில் இதுவும் ஒன்று.

இறைச்சிக் கூடத்திலிருந்து வரும் சினைப்பைகளைத்தான் கால்நடை மருத்துவ மாணவர்கள் கையில் வைத்துப் பழகுவார்கள். பார்த்தவர்களுக்கு மறக்காது. முட்டை வெளியேறி 4 நாளுக்குள் உள்ள சினைப்பையில் அந்த இடம் கருஞ்சிவப்பாக, உறைந்த ரத்தம் போலவே இருக்கும். 5-ஆம் நாளிலிருந்து ஏறத்தாழ 10-ஆம் நாள் வரை உச்சி சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். வெட்டினால் உள்ளே ஆரஞ்சு நிறம், ரத்தக் குழாய்கள் விளிம்பைச் சுற்றி மட்டும் கண்ணுக்குத் தெரியும். 11 முதல் 17-ஆம் நாளுக்குள் கட்டி முழுதும் ஆரஞ்சாகி, உச்சியின் மேலேயே ரத்தக் குழாய்கள் ஓடுவதைப் பார்க்கலாம். 18-ஆம் நாளுக்கு மேல் வெளிறிய மஞ்சள், ஒரு குழாய்கூட மேலே தெரியாது. மாடு சுழற்சியில் எத்தனையாவது நாளில் இருந்தது என்பதை இந்த ரத்தக் குழாய்களையும் நிறத்தையும் வைத்தே ஓரளவுக்குச் சொல்லிவிடலாம்.

ஆகவே சினைப்பைக்குள்ளும் இந்த நாட்களில் ரத்தம் உறைந்திருப்பது உண்மைதான். ஆனால் அது அங்கேயே கரைந்து கட்டியாகிவிடும், வாலுக்கு வராது. கலர் ஸ்கேனில் நீங்கள் பார்த்ததும் கசிவு இல்லை, குழாய்க்குள் ஓடுகிற ரத்தம். டாப்ளர் என்று சொல்லும் இந்தக் கலர் ஸ்கேன், கருவியை நோக்கி வரும் ஓட்டத்தை ஒரு நிறத்திலும், விலகிப் போகும் ஓட்டத்தை இன்னொரு நிறத்திலும் காட்டும். சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம் என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, அது திசை மட்டும்தான்.

அப்புறம் அந்தப் பருவ ஊசி. இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், தயவுசெய்து இப்போது போடாதீர்கள். அந்த ஊசியில் இருப்பது புராஸ்டாகிளாண்டின். மாட்டின் கருப்பையே இதைச் சுரக்கிறது. சினை பிடிக்காத மாட்டில் 17-ஆம் நாளை ஒட்டிக் கருப்பை இதை வெளியே விடும். அது சுற்றுப்பாதையில் நுரையீரல் வழியாகப் போனால் பெரும்பகுதி அழிந்துவிடும். அதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. கருப்பையிலிருந்து வெளியேறும் சிரையை ஒட்டியே, சினைப்பைக்குப் போகும் தமனி சுருண்டு சுருண்டு போகிறது. சிரையிலிருந்து தமனிக்குச் சுவர் வழியாகவே புராஸ்டாகிளாண்டின் தாவி, நேரே சினைப்பைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருக்கும் கட்டியை அழித்துவிடுகிறது. சினை பிடித்திருந்தால் கரு இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தை அனுப்பி இதை நடக்கவிடாமல் தடுக்கும்.

ஜப்பானில் ஒபிஹிரோ கால்நடைப் பல்கலைக்கழகத்தார், இந்த ஊசி போட்டால் கட்டிக்கு என்ன ஆகிறது என்பதை டாப்ளர் ஸ்கேன் வைத்தே பார்த்து 2002-இல் வெளியிட்டார்கள். சுழற்சியின் நடுவில் இருக்கும் மாட்டுக்கு ஊசி போட்டால், கட்டியின் ரத்த ஓட்டம் முதலில் கூடி, சில மணி நேரத்தில் இறங்க ஆரம்பிக்கிறது. 4-ஆம் நாள் இளங்கட்டிக்குப் போட்டால் அப்படி நடக்கவில்லை, கட்டியும் அழியவில்லை. குழாய்கள் வளர்ந்துகொண்டிருக்கும் முதல் 5 நாளில் இந்த ஊசி பலிக்காது என்று நாங்கள் சொல்வதும் இதோடு பொருந்திப் போகிறது. உங்கள் கிடேரிக்கு இன்றைக்குப் போட்டால் காசு வீண். பத்து நாள் கழித்துப் போட்டாலோ, பிடித்திருக்கிற சினை கலைந்துவிடும்.

இனி என்ன செய்யலாம்? ஊசி போட்ட திங்கட்கிழமையை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். 18 முதல் 24-ஆம் நாள் வரை காலையும் மாலையும் கண்ணாடி போன்ற வழும்பு வருகிறதா, கத்துகிறதா, மற்ற மாட்டின் மேல் ஏறுகிறதா என்று பாருங்கள். டாப்ளர் வசதி உள்ள இடம் கிட்டத்தில் இருந்தால் 20, 21-ஆம் நாளே சினைப்பையைப் பார்க்கலாம். கட்டியில் நிறமே தெரியவில்லை என்றால் சினை இல்லை. நிறம் நன்றாகத் தெரிந்தால் சினை இருக்க வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். 30-ஆம் நாளில் சாதா ஸ்கேனிலோ, இரண்டு மாதத்தில் கைப் பரிசோதனையிலோ உறுதி செய்துகொள்ள வேண்டும். அதுவரை வெயிலில் கட்டாதீர்கள். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் மாடு உடம்புச் சூட்டை வெளியேற்றத் தோலுக்கு ரத்தத்தைத் திருப்பிவிடும், கருப்பைக்குப் போவது குறைந்துவிடும். வேப்பமர நிழலும் நிறையத் தண்ணீரும் போதும்.

ரத்தம் ஓரிரு நாளில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் போனாலோ, நாற்றமடித்தாலோ, சீழ் கலந்து வந்தாலோ, சினை என்று உறுதியான பிறகு ரத்தம் வந்தாலோ அது வேறு விஷயம். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இதே ரத்தத்தை, ஊசி போடாத மாட்டில் பார்த்தால் பருவம் நமக்குத் தெரியாமல் வந்து போய்விட்டது என்று அர்த்தம். ஊமைப் பருவம் உள்ள மாடுகளில் இது நல்ல துப்பு. அன்றைக்கு ஊசி போட்டுப் பயனில்லை, முட்டையின் காலம் முடிந்திருக்கும். ரத்தம் கண்ட நாளிலிருந்து 17 முதல் 22 நாளுக்குள் அடுத்த பருவத்தை எதிர்பாருங்கள். காங்கேயம் மாடு வைத்திருக்கும் ஓர் அண்ணன், தன் கிடேரிக்கு ரத்தமே வரவில்லை, அது குறையா என்று கேட்டிருக்கிறார். குறை இல்லை அண்ணா. வராமலும் இருக்கும், வந்தது கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மேயும்போது நம் கண்ணில் படாமலும் போயிருக்கும்.