பனி விலகிய பின் வந்தவை எந்த எலிகள்?

வணக்கம் நண்பர்களே. திரையில் தெரிவது வீட்டு எலி அல்ல, பேங்க் வோல் (bank vole) என்ற காட்டு எலி வகை. மழுங்கிய மூக்கு, ரோமத்துக்குள் பாதி புதைந்த காது, குட்டை வால், செம்பழுப்பு முதுகு. எடை பெரும்பாலும் 15 முதல் 40 கிராம்தான். ஐரோப்பியக் காடுகளில் சாதாரணமாக ஓடித் திரியும் பிராணிதான். ஆனால் இதன் ரத்தத்தில் பனியுகம் இன்னும் இருக்கிறது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு ஸ்காண்டிநேவியா முழுவதும் பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தது. பிரிட்டனின் பெரும்பகுதிக்கும் அதே கதிதான். காட்டை நம்பிய உயிர்கள் ஸ்பெயின், இத்தாலி, பால்கன் பக்கம் ஒதுங்கிப் பிழைத்தன, பனி உருகியதும் வடக்கே ஏறி வந்தன என்பது நெடுநாள் பாடம். பிரிட்டிஷ் மரபியலாளர் காட்ஃப்ரே ஹெவிட் இதைத் தெளிவாக விளக்கினார். புது நிலத்துக்கு முதலில் போய்ச் சேர்பவை சொற்பம். அந்த இடத்தை நிரப்புபவை அவற்றின் குட்டிகள்தான். ஆகவே வடக்கே போகப் போக மரபணு வகைகள் குறையும், தெற்கே பழைய வம்சங்கள் குவிந்து கிடக்கும். முள்ளெலி இதற்குக் கச்சிதமான சாட்சி.

வோல் இந்தக் கணக்குக்கு மசியவில்லை. தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஆராய்ந்து, 2006-இல் பெட்ர் கோட்லீக் குழுவினர் ஒரு முடிவைச் சொன்னார்கள்: ஒரு வம்சம் பனிக்காலம் முழுவதையும் கார்பேத்திய மலைப்பகுதியிலேயே தாக்குப்பிடித்திருக்கிறது. அது அந்த மூன்று தீபகற்பங்களுக்கும் நன்றாக வடக்கே இருக்கிற இடம். பனிப்பாளம் மூடாத நிலமெல்லாம் வெறும் பொட்டல் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, அங்கே எங்கோ மரங்கள் நின்றிருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது பிரிட்டன் கதை. கடல்மட்டம் தாழ்ந்திருந்ததால் அப்போது அது தீவு அல்ல. ஐரோப்பாவிலிருந்து நடந்தே போகலாம். வோல்கள் இரண்டு அலைகளாக வந்தன. பின்னால் வந்தவை தெற்கைப் பிடித்துக்கொண்டு, முன்னால் வந்தவற்றை வடக்கு ஓரத்துக்குத் தள்ளின. இதைக் காட்டிக்கொடுப்பது ஹீமோகுளோபின், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம். அதன் பீட்டா சங்கிலியில் 52-ஆவது இடத்தில் வடக்கத்தி வோலுக்கு செரின், தெற்கத்தி வோலுக்கு சிஸ்டீன். புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் ஒரே ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் சிஸ்டீன் உள்ள சிவப்பணுக்கள் ஆக்சிஜனேற்றச் சேதத்தை இன்னும் நன்றாகத் தாங்குகின்றன. அதனால், பின்னால் வந்த கூட்டம் வெறும் அதிர்ஷ்டத்தால் ஜெயித்தது என்ற விளக்கத்தை நான் நம்பத் தயாராக இல்லை. இத்தனை சிறிய உடம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்தவர்களின் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

சரி, அயர்லாந்து? அங்கே இந்த வோல் நடந்து போகவே இல்லை. கடல் குறுக்கே நின்றது. 1964-இல்தான் கெர்ரி பகுதியில் முதன்முதலாகப் பிடிபட்டது. 1920-களில் ஜெர்மனியிலிருந்து வந்த சரக்கோடு கப்பலேறி வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். வந்து இறங்கியவை கொஞ்சம்தான். அதனால் மரபணு வகைகளும் கொஞ்சம்தான். பனியுகம் வடக்கே செய்ததை, இங்கே ஒரு கப்பல் செய்து முடித்துவிட்டது.