நாயின் கட்டி முழுசாக வந்துவிட்டதா? அறுத்த டாக்டருக்கே தெரியாது!

[திரையில்: வெட்டி எடுத்த கட்டி, சுற்றிலும் நீல மை, அடியில் கறுப்பு மை]

இந்தக் கட்டிக்கு ஏன் மை பூசியிருக்கிறார்கள்? கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

கட்டியை எடுத்தாயிற்று, தையல் போட்டாயிற்று. மயக்கம் தெளிந்த நாய் வாலாட்டிக்கொண்டு வீட்டுக்கும் போய்விட்டது. ஆனால் கட்டி முழுசாக வந்துவிட்டதா என்பது ஆய்வக அறிக்கை வரும்வரை யாருக்கும் தெரியாது. அதற்குள் காயமே ஆறத் தொடங்கிவிடும்.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். மாஸ்ட் செல் கட்டி (மாஸ்ட் செல் என்ற நோய் எதிர்ப்புச் செல்லில் தொடங்கும் புற்று), மென்திசு சார்க்கோமா (கொழுப்பு, நார் போன்ற மென்திசுவில் தொடங்கும் புற்று) இரண்டும் கைக்குத் தட்டுப்படும் இடத்தோடு நிற்பதில்லை. சுற்றியுள்ள சதைக்குள் வேர் விட்டிருக்கலாம். அதனால் சுற்றிலும் 2, 3 செ.மீ. நல்ல திசுவையும் சேர்த்து எடுப்பது வழக்கம். முதுகில் சரி, காலின் கீழ்ப்பகுதியில் 3 செ.மீ.க்கு எங்கே போவது? எடுத்த துண்டின் வெளி விளிம்புதான் மார்ஜின். அதைக் காட்டத்தான் மை. நுண்ணோக்கியில் புற்றுசெல் மையைத் தொட்டுக்கொண்டிருந்தால், மிச்சம் நாயின் உடம்பிலேயே இருக்கக்கூடும்.

[திரையில்: மெழுகுக் கட்டி, சீவும் கத்தி]

இப்போது ஒரு கணக்கு. ஆய்வகத்தில் கட்டியை ஃபார்மலினில் ஊறவைத்து, வரிசையாக வெட்டி, மெழுகில் பதித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஏடு சீவுகிறார்கள். ஏட்டின் கனம் சுமார் 5 மைக்ரான். வெட்டுக்கு வெட்டு 3 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 3,000 மைக்ரான். அதில் நாம் பார்ப்பது 5. அறுநூறில் ஒரு பங்கு! மீதி 599 பங்கு மெழுகுக்குள்ளேயே தூங்குகிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தானே என்பீர்கள். பானை முழுவதும் ஒரே தீயில் வெந்தது, அதனால் அந்தக் கணக்கு செல்லும். கட்டி அப்படி இல்லை. ஏதோ ஒரு மூலையில் மட்டும் விரலை நீட்டியிருக்கும். ஏட்டை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதும் பேத்தாலஜிஸ்ட்டைக் குறை சொல்லவில்லை. 6 செ.மீ. கட்டியை முழுசாகச் சீவினால் 12,000 ஏடுகள். மனிதர் அன்றே வேலையை விட்டுவிடுவார்.

சரி, சீவாமலே பார்க்க முடியுமா? கண் மருத்துவமனையில் தாடையைத் தாங்கியில் வைத்து விழித்திரையைப் படம் எடுப்பார்களே, அந்த ஓசிடியையே (ஆப்டிகல் கோஹரன்ஸ் டோமோகிராஃபி, ஒளியால் திசுவின் உள்ளே படம் எடுக்கும் முறை) நாய்க் கட்டியின் விளிம்பிலும் சோதித்திருக்கிறார்கள். 1991இல் அறிமுகமான நுட்பம். அல்ட்ராசவுண்ட் எதிரொலியைக் கேட்கிறது. ஓசிடி எதிரொளியைப் பார்க்கிறது. ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் சிக்கல் பெரிது. 10 மைக்ரானைக் கடக்க ஒளிக்கு ஆகும் நேரம், ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பிரித்தால் அதில் ஏறக்குறைய மூன்று பங்கு. எந்தக் கடிகாரம் அளக்கும்? அதனால் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணாடிக்கும் மற்றதைத் திசுவுக்கும் அனுப்புகிறார்கள். திரும்பி வரும் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று விழவைத்தால் உண்டாகும் அலைக்கோலத்திலிருந்து ஆழத்தைக் கணக்கிட்டுவிடலாம். நேரத்தை அளக்க முடியாதா, சரி, அளக்கவே வேண்டாம்! எனக்கு இதில் பிடித்த இடமே இதுதான்.

[திரையில்: இரண்டு ஓசிடி படங்கள், பக்கத்தில் பக்கத்தில்]

இடப்பக்கம் தேன்கூடு மாதிரி தெரிவது கொழுப்பு. வலப்பக்கம் அடர்த்தியாக, வெளிச்சமாக, மூட்டம் போட்ட மாதிரி இருப்பது சார்க்கோமா. ஆழம் 1, 2 மி.மீ.தான் எட்டும். ஆனால் நாம் தேடும் விளிம்பே மேற்பரப்புதானே, அது போதும். வம்பு என்னவென்றால் தசையும் நார்த்திசுவும்கூட வெளிச்சமாகத் தெரியும். பழகாத கண் ஏமாந்துவிடும்.

இன்னொரு வழி, ஒளிரும் சாயம். இன்டோசயனின் கிரீனை ரத்தத்தில் செலுத்தினால், கட்டியின் ஒழுகும் ரத்தக்குழாய்கள் வழியே கசிந்து அங்கேயே தங்கும். சிறப்புக் கேமராவில் மின்னும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. வீங்கிச் சிவந்த நல்ல திசுவும் சில நேரம் மின்னித் தொலைக்கும்.

அதனால் பேத்தாலஜிஸ்ட்டுக்கு வேலை போய்விடும் என்று தலைப்பு வைத்தால் வியூஸ் வரும், பொய்யாக இருக்கும். எனக்குப் பிடித்த யோசனை வேறு: ஓசிடி சந்தேகப்படும் இடத்தில் வேறு நிற மை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. கத்தி அந்த இடத்திலேயே இறங்கும். அறுநூறில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டியதில்லை.

உங்கள் நாய்க்குக் கட்டி எடுத்திருந்தால், அறிக்கையில் மார்ஜின் எத்தனை மி.மீ. என்று போட்டிருக்கிறதா, பாருங்கள். பார்த்துவிட்டுக் கமெண்டில் சொல்லுங்கள். மாஸ்ட் செல்கள் நல்ல தோலிலும் இருக்கும். அப்படியானால் கட்டி எங்கே முடிகிறது என்று யார் சொல்வது? அந்தச் சண்டை அடுத்த வீடியோவில்.