தாமஸ் கிராம்வெல் அரசாங்கத்தையே மாற்றினாரா?

வணக்கம் நண்பர்களே. திரையில் இருக்கும் ஓவியத்தை நிதானமாகப் பாருங்கள். ஹோல்பைன் வரைந்தது. கறுப்பு அங்கி, இறுக மூடிய உதடு, கைக்குள் ஒரு தாள், மேசையில் இறகுப் பேனா, கடிதங்கள். இவர்தான் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல். நூறு வருடம் கழித்து அரசரையே எதிர்த்த ஆலிவர் கிராம்வெல் வேறு, இவர் வேறு. இவர் லண்டனை ஒட்டிய பட்னியில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர்.

1953இல் கேம்பிரிட்ஜ் வரலாற்றாசிரியர் ஜி. ஆர். எல்டன் இவரைப் பற்றி ஒரு பெரிய வாதத்தை வைத்தார். அதுவரை இங்கிலாந்தின் ஆட்சி அரசரின் வீட்டு நிர்வாகம் மாதிரிதான் நடந்தது. 1530களில் கிராம்வெல் அதை விதிமுறைப்படி இயங்கும் அலுவலகங்களின் ஆட்சியாக மாற்றினார். அது ஒரு புரட்சி என்றார். எட்டாம் ஹென்றியின் அப்பா ஏழாம் ஹென்றியை நினைத்துப் பாருங்கள். பணம் அரண்மனை அறைக்கே வரும். கணக்குப் புத்தகத்தில் அரசரே கையெழுத்துப் போடுவார். அப்படிப் பார்த்தால் எல்டன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1536இல் மடங்களைக் கலைக்கத் தொடங்கியதும், அந்த நிலங்களை நிர்வகிக்கத் தனி அதிகாரிகளோடு ‘ஆக்மென்டேஷன்ஸ்’ என்ற நிறுவனம் உருவானதே!

ஆனால் இந்த இடத்தில் நான் எல்டனோடு ஒத்துப்போகவில்லை. மலைபோல் நிலம் வந்து குவிந்தது, கணக்குப் பார்க்க ஆள் தேவைப்பட்டது, நிறுவனம் வந்தது. 1554இல் அதைப் பழைய கஜானாத் துறையோடு சேர்த்துவிட்டார்கள். கிராம்வெல் இருந்தவரை எல்லாம் ஓடியதற்குக் காரணம் கிராம்வெல்தான். நகைக் கருவூலம், அரசரின் செயலாளர் பதவி, அரசரின் அந்தரங்க முத்திரையைக் காக்கும் பதவி என்று ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. செய்ய வேண்டியதை எல்லாம் நினைவுக் குறிப்புகளாக எழுதி வைத்துக்கொண்டு ஒரே ஆளாக இழுத்தார். இன்னொன்றையும் யோசியுங்கள். அவரைக் கைது செய்தபோது வீட்டுக் காகிதங்களைப் பறிமுதல் செய்தார்கள். அதனால்தான் அவை நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்தக் கட்டுகளை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தைப் பார்த்தால் எங்கு திரும்பினாலும் அவர் முகம்தான் தெரியும்.

சரி, அப்படியானால் எதுவுமே மாறவில்லையா? மாறியது. எனக்குப் பெரிதாகப் படுவது நாடாளுமன்றம். போப்பிடமிருந்து பிரிய ஹென்றியின் ஆணை மட்டும் போதும் என்று கிராம்வெல் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு படியையும் சட்டமாக்கினார். 1533ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தை ஒரு பேரரசு, அதாவது வெளியே யாருக்கும் கட்டுப்படாத நாடு என்றே அறிவித்தது. வழக்கு எதுவும் ரோமுக்குப் போகக் கூடாது என்றது. அடுத்த வருடம் அரசரே திருச்சபையின் தலைவர் என்று இன்னொரு சட்டம். அப்புறம் நடந்ததைப் பாருங்கள். ஹென்றியின் மகள் மேரி அரசியாகி, மறுபடி ரோமோடு சேர நினைத்தபோது, இந்தச் சட்டங்களை நாடாளுமன்றத்தில்தான் ரத்து செய்ய வேண்டியிருந்தது. 1559இல் அவர் தங்கை எலிசபெத் அரசி மறுபடி மாற்றியதும் அங்கேதான். அலுவலகங்களின் கதைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: அவர் போன பிறகும் இது நின்றது.

இதோடு 1538இல் அவர் போட்ட ஒரு உத்தரவும் உண்டு. ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஒவ்வொரு ஊர்ப்பகுதியிலும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் பதிவேட்டில் எழுத வேண்டும். இது புது வரிக்குத்தான் என்று ஜனங்கள் பயந்தார்கள். ஆனால் அந்தக் காலத்து எத்தனையோ ஏழைக் குடியானவர்களின் பெயர் இன்று நமக்குத் தெரிவது அந்தப் பதிவேடுகளால்தான். இதைச் சொல்லும்போது எனக்கு மனசு நெகிழ்கிறது.

முடிவு கொடுமையானது. 1540 ஏப்ரலில் எசெக்ஸ் பிரபு என்ற பட்டம். ஜூன் 10 அன்று ஆலோசனைக் கூட்டத்திலேயே கைது. விசாரணை கிடையாது. நாடாளுமன்றச் சட்டத்தாலேயே குற்றவாளி என்று தீர்த்தார்கள். அதே ஆயுதத்தை அவரே மற்றவர்கள் மேல் பயன்படுத்தியவர். ஜூலை 28 அன்று டவர் ஹில்லில் தலையை வெட்டினார்கள். அன்றுதான் ஹென்றி கேத்தரின் ஹோவர்டை மணந்தார்.

அரசரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சில், தனக்கென்று ஓர் எழுத்தரை வைத்துக் கூட்டக் குறிப்புகளைப் பதியத் தொடங்கியது ஆகஸ்ட் 10இல். கிராம்வெல் இறந்து பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. அவரை வீழ்த்திய நார்ஃபோக் கோமகனும் அந்தக் குழுவில் இருந்தார்.