களிமண்ணுல விழுது இறங்குமா?

வணக்கம்ங்க. நான் வேலூர்ல பயாப்சி ஸ்லைடு பாத்து ரிப்போர்ட் எழுதுற டாக்டர். அணைக்கட்டுன்ற ஊரு பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா ரிப்போர்ட்டோட என் ரூமுக்கே வந்துட்டாங்க, மல்லாட்ட, அதான் வேர்க்கடல, போடுற குடும்பம், "டாக்டரம்மா, கட்டி மார்புல தானே இருக்கு, அது ஏன் எலும்புக்குப் போவுதுன்றாங்க"ன்னு கேட்டாங்க.

நான் திருப்பிக் கேட்டேன், ஏம்மா, அதே வெத மல்லாட்டய களிமண்ணுல போட்டா என்னாவும்? "கொடி ஓடும், விழுது இறங்காது, காய் எங்க புடிக்கும்"னாங்க. அதேதாம்மா சங்கதின்னேன். 1889-லயே லண்டன்ல ஸ்டீபன் பேஜெட்னு ஒரு சர்ஜன், மார்புப் புத்துநோய்ல இறந்துபோன 735 பேரோட ரெக்கார்டப் பாத்து இதச் சொல்லிட்டாரு, ரத்தம் மண்ணீரலுக்கும்தான் போவுது ஆனா நோய் கல்லீரல்லதான் அதிகமா உக்காந்திருக்கு, அப்போ வெத மட்டும் இல்ல, மண்ணும் இருக்குன்னு. வெதன்னா புத்து செல்லு, மண்ணுன்னா அத சுத்தி இருக்கிற உடம்பு.

அந்த மண்ண நான் தினம் பாக்குறேன். மைக்ராஸ்கோப்ல புத்து செல்லு ஊதா கலர்ல கொத்துக் கொத்தா இருக்கும், அத சுத்தி ரோஸ் கலர்ல பாய் முடைஞ்ச மாதிரி நாரு, அதான் கொலாஜன். கட்டி கல்லாட்டம் கைக்குத் தட்டுப்படுதே, அதுக்கு முக்கியமா இந்த நாருதான் காரணம். இத நெய்யுறது ஃபைப்ரோபிளாஸ்ட்ங்கிற செல்லு, காயம் பட்டா மூடுறதுக்குன்னு உடம்பு வச்சிருக்கிற ஆளு, கட்டி அவங்கள ஓயவே விடாம வேல வாங்குது, நாரு இறுக இறுக அந்த இறுக்கமே புத்து செல்ல வெளிய நகரத் தூண்டுது. கட்டின்றது ஆறாத புண்ணுன்னு 1986-ல ஹரால்ட் ட்வோராக் எழுதினாரு, எனக்கு ஒவ்வொரு ஸ்லைடுலயும் அது ஞாபகம் வரும். கிருமியத் திங்கற மேக்ரோஃபேஜ் கூட அங்க போனா கட்சி மாறி, புத்து செல்லு ரத்தக்குழாய்க்குள்ள நுழைய வழி விடுது, எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம் இது.

எலும்பு ரொம்பச் செழிப்பான மண்ணுங்க. அதுக்குள்ள வளர்ச்சிக்கான சத்துப் பொருளெல்லாம் பூட்டி வச்சிருக்கு, புத்து செல்லு எலும்பக் கரைக்கிற செல்ல உசுப்பிவிடும், கரைஞ்சா சத்து வெளிய வரும், அதத் தின்னு இன்னும் வளரும், திரும்பக் கரைக்கும். இந்தச் சுழற்சிய நிறுத்தத்தான் ஸோலெட்ரானிக் ஆசிட் ஊசி, நோய் எலும்புக்குப் போவறதுக்கு முன்னாடியே மாதவிலக்கு நின்னவங்க சிலருக்குப் போடறதும் இதுக்குத்தான், வெதய விட்டுட்டு மண்ணுக்குப் பண்ற வைத்தியம்னு வச்சிக்கலாம்.

அந்தம்மாவுக்கும் அந்த ஊசி எழுதியிருந்தாங்க. அதுக்கு முன்னாடி பல்லக் காட்டிடுங்க, ஊசி போட்டப்புறம் பல்லு புடுங்கினா தாடை எலும்பு சிலருக்கு ஆறாமப் போயிடும்னு சொல்லி அனுப்புனேன். மூணு நாள் கழிச்சு போன் பண்ணாங்க. ஆட்டம் கண்ட கடவாப் பல்லு ஒண்ணு இருந்துச்சாம், புடுங்கியாச்சாம், "புண்ணு ஆறட்டும் டாக்டரம்மா, அப்புறம் ஊசிக்கு வரேன்"னாங்க.