ஆடி வீதி முதல் வெளி வீதி வரை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கோபுரங்களின் உயரத்திலும் ஆயிரங்கால் மண்டபத்துச் சிற்பங்களிலும் நின்றுவிடுகிறார்கள். நான் இன்று தெருவைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இக்கோயில் ஊரை ஆண்டது தெருக்களின் வழியாகத்தான்.

மதிலுக்குள் ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதைச் சூழ ஆவணி மூல வீதி, அதற்கும் அப்பால் மாசி வீதி. அந்தந்த மாதத் திருவிழாவின் பெயரே வீதிக்கும் நிலைத்தது. ஆனால் சித்திரைத் தேரைக் காண வரும் வெளியூர்க்காரர் பெயரை நம்பிச் சித்திரை வீதியில் போய் நின்றால் ஏமாந்து போவார். தேர் ஓடுவது மாசி வீதிகளில். மாசியில் நடந்துவந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் வைகையில் இறங்கும் விழாவோடு இணைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சைவ வைணவ ஒற்றுமைக்காக என்பார்கள். அறுவடை முடிந்து கையில் காசோடும் ஓய்வோடும் இருக்கும் சுற்றுவட்டாரக் கிராமத்தார் திரண்டு வந்தால் நகரத்து வணிகம் செழிக்கும் என்பதும் அந்த அரசருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அவர் வசந்த விழாவுக்காகக் கட்டிய புதுமண்டபமும் காலப்போக்கில் கடைவீதியாயிற்று. தூண்களில் நாயக்க மன்னர்களின் சிலைகள் நிற்க, அவற்றின் இடையே தையற்காரர்களும் பாத்திர வணிகர்களும் பல தலைமுறைகள் தொழில் செய்தார்கள். சிற்பங்களைக் காக்க அக்கடைகளை இடம் மாற்றியது சரியே என்றாலும், தையல் இயந்திரத்தின் ஓசையும் அம்மண்டபத்தின் வரலாற்றில் ஒரு பகுதிதான் என்பேன்.

1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, நகரம் வெளி வீதிகளைத் தாண்டி விரிந்தது. கோட்டைச் சுவர் போயிற்று; கோயில் வாசலில் இருந்த தடை மேலும் ஒரு நூற்றாண்டு நின்றது. தேர் ஓடிய ஊரிலேயே வாழ்ந்து, விழாவுக்கு உழைத்து, அம்மனைத் தம் தாயென்று கொண்டாடிய மக்களில் ஒரு பெரும்பகுதியினர் சாதியின் பெயரால் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. 1939 சூலை 8ஆம் நாள் விடுதலைப் போராட்ட வீரர் அ. வைத்தியநாத ஐயர், பின்னாளில் அமைச்சரான கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தார். கோயிலின் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ். நாயுடு, உள்ளே வந்தவர்களை வரவேற்றார். கோயில் அர்ச்சகர்களான பட்டர்களில் ஒரு சாரார் கடுமையாக எதிர்த்தார்கள். நுழைந்தவர்கள் மீதும் அனுமதித்த அதிகாரிகள் மீதும் வழக்கு வரக்கூடும் என்ற நிலையில், ராஜாஜியின் அரசு முதலில் அவசரச் சட்டமும் பின்னர் அதே ஆண்டிலேயே முறையான சட்டமும் கொண்டுவந்து அவர்களுக்குப் பாதுகாப்பளித்தது. நுழைவைச் சட்டம் தொடங்கிவைக்கவில்லை. மதுரைக்காரர்கள் சிலர் முதலில் வாசலைத் தாண்டினார்கள், அவர்களைப் பின்தொடர்ந்துதான் சட்டம் வந்தது.